லேப் முடிந்ததும் பஸ் வேண்டும்

ஆசிரியருக்கு,

சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர். அதே வட்டாரத்தில், இயற்பியலில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை, ‘ஹாஸ்டல் எல்லாம் சரிப்படாது’ என்று பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு பாடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு மட்டும் கோவையில் இன்ஜினியரிங். பணம் மட்டுமே காரணமில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. டவுன் பஸ்ஸும் இலவசம். ஆனால் லேப் முடிந்து ஆறு மணிக்கு மேல் கிராமத்துக்கு அந்த பஸ் வர வேண்டுமே! பெற்றோரின் பயத்தை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரசு பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் பாதுகாப்பான மாணவியர் விடுதி இடங்களைக் கூட்ட வேண்டும். மாலை பஸ்ஸைக் கல்லூரி நேரத்துக்கு ஏற்ப இயக்க வேண்டும். அடுத்த கவுன்சலிங்குக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

– ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, தென்காசி