பொதுப் பணத்தில் ரைஃபிள் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா

எங்கள் தெருக் காவல் குழுத் தம்பிகளே,

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நான் வாயே திறக்கவில்லை. ஆடிக் கூழுக்கு வேலை பிரிக்கத்தான் கூட்டம் என்று நினைத்து வந்தேன். பாதியில் பேச்சு மாறியது. வீட்டுக்கு 500 ரேண்ட் வசூல், இரண்டு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா பாயும் ரகம்), ரோந்துக்குப் போகிறவர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது என்று முடிந்துவிட்டது. கை தூக்கியவர்களை எண்ணினீர்கள், தூக்காதவர்களை எண்ணவில்லை. அதனால்தான் இந்த மடல். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, தெரியும். என் மாலை வகுப்பிலிருந்து கிரிக்கெட் ஆட ஓடியவர்கள்தானே. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்லட்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் பிஸ்டலுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பாரம் நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'தெருவுக்கு ஒரு துப்பாக்கி' என்று எதுவும் இல்லை. லைசென்ஸ் ஓர் ஆளுக்கு, அந்த ஆளின் ஒரு துப்பாக்கிக்கு. அதை அவர் கண் முன்னால் இன்னொருவர் தொடலாம். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று கைமாற்ற முடியாது. விசையை அழுத்திப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருக்கும் ரகத்துக்கு வீட்டில் இடமே கிடையாது. தற்காப்புக்கு செமி ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சாதாரணக் கைத்துப்பாக்கி ஏன் போதாது என்று நிரூபிக்க வேண்டும். அந்த லைசென்ஸும் இரண்டே வருடம். விளையாட்டுச் சுடுநர் என்று பதிந்து வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். போட்டிக்கு என்று வாங்கியதைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு நிற்கப் போகிறீர்களா? பொது இடத்தில் ரைஃபிளை உறைக்குள் மூடித்தான் எடுத்துப்போக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தோளில் தொங்கவிட்டுத் தெருவில் நடப்பதெல்லாம் போனில் பார்க்கும் அமெரிக்க வீடியோவுக்குச் சரி. இங்கே துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை, சட்டம் தரும் சலுகைதான் என்று 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட நான் எழுதவில்லை. எல்லாம் முறைப்படி நடந்து, உங்களில் இருவருக்கு ஒழுங்காக லைசென்ஸ் கிடைத்தாலும் எனக்குச் சம்மதமில்லை. துப்பாக்கியே ஆகாது என்று சொல்கிறவளும் இல்லை நான். 2021 மே மாதம் வந்த திருத்த மசோதா, தற்காப்புக்கு என்று யாரும் துப்பாக்கி வாங்கவே கூடாது என்றபோது, இது அநியாயம் என்று ஆட்சேபம் எழுதி அனுப்பியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தது நான்.

அந்தப் பிஸ்டலைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இருந்தவரை அது சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சாவி அவர் இடுப்பில். அவர் போனபின் கணவரின் லைசென்ஸ் மனைவிக்குச் செல்லாது. ஒரு துணிப்பையில் சுற்றி, பேருந்தில் எடுத்துப்போக பயந்து, மருமகன் காரில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணைச் சரிபார்த்து ரசீது எழுதினார்கள். ரசீது இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது. பிஸ்டல் எங்கே இருக்கிறது? உருக்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் உருக்குவதற்கு என்று மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளைத்தான் காவல்துறை கர்னல் ஒருவர் கேப் டவுன் ரவுடிக் கும்பல்களுக்கு விற்றார். ஒன்றிரண்டு இல்லை, 2,000-க்கும் மேல். 2016-இல் அவருக்கு 18 வருடச் சிறை. துப்பாக்கிகள் மட்டும் கேப் ஃபிளாட்ஸ் என்ற அந்த ஊர்ப் புறநகர்த் தெருக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

பணவண்டியை மறித்துச் சுடுகிறவர்கள் கையில் இருக்கும் ஏகே 47-ஐ அவர்கள் செய்தார்களா? மொசாம்பிக் சண்டை 1992-இல் நின்றது. துப்பாக்கிகள் நிற்கவில்லை, எல்லை தாண்டி நடந்து வந்தன. இரு நாட்டுப் போலீசும் சேர்ந்து 1995-லிருந்து ஆபரேஷன் ரேச்சல் என்று பெயர் வைத்துப் புதைத்து வைத்ததையெல்லாம் தோண்டித் தோண்டி அழித்தார்கள். அப்படியும் தீரவில்லை. கடைகளையெல்லாம் சூறையாடிய 2021 ஜூலைக் கலவரத்தில் நம் டர்பனில் ஒரு கன்டெய்னர் கிடங்கிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் ஒரேயடியாகக் காணாமல் போனதை மறந்துவிட்டீர்களா?

அரசாங்கமும் போலீசும் காவல் காத்ததே கைமாறிப் போகிறது. உங்கள் ரைஃபிள் யார் வீட்டில் இருக்கும்? கூட்டத்தில் இரண்டு பெயர் சொன்னீர்கள். அதில் ஒருவருக்கு ஆலையில் இரவு ஷிப்ட். அவர் மனைவி கைக்குழந்தையோடு தனியாக இருப்பாள். இன்ன வீட்டில் ரைஃபிள் இருக்கிறது என்பது தெருவில் காய்கறி விற்க வருகிறவருக்குக்கூட ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். டிவியைத் திருட வருகிறவன் கதவு திறக்காவிட்டால் போய்விடுவான். ரைஃபிளுக்கு வருகிறவன் போகமாட்டான், பெட்டிச் சாவியை அவளிடம்தான் கேட்பான். இதை அவளிடம் யாராவது கேட்டீர்களா? அவள் அன்று மண்டபத்திலேயே இல்லை.

அப்புறம் தோட்டா. பிஸ்டல் தோட்டா வினாடிக்கு 350 மீட்டர் போகும் என்றால், நீங்கள் வாங்க நினைக்கும் ரகத்தின் தோட்டா 900-ஐத் தாண்டும். நாம் இருப்பது ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள். மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. போன தீபாவளி இரவு யாரோ குஷியில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். காலையில் என் சமையலறைக் கூரையில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியாக வெயில் நேராக அடுப்புமேடையில் விழுந்துகொண்டிருந்தது. தோட்டா துவைக்கும் துணிக்கூடையில் ஒரு துண்டுக்குள் கிடந்தது. அது வேகம் எல்லாம் போய், விழுந்த தோட்டா. உங்களுடையது எத்தனை சுவர் தாண்டி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"கும்பல்காரன் கையில் ஏகே, நம் கையில் டார்ச் லைட்டா?" என்று கேட்டபோது மண்டபமே கைதட்டியது. நியாயமான கோபம்தான். 2021 ஜனவரியில் பக்கத்து ஷால்கிராஸில் நடந்ததை நான் மறக்கவில்லை. போதைமருந்து வியாபாரியை அவர் வீட்டிலேயே சுட்டார்கள், சுட்டவர்கள் இருவரின் தலையை அங்கே கூடிய கூட்டம் அறுத்துத் தெருவில் போட்டது. போலீஸ் அவசர எண் 10111-ஐ அழைத்துவிட்டுக் காத்திருந்து வயிறு எரிந்தவள்தான் நானும். ஆனால் அந்தக் கும்பலோடு ரைஃபிளுக்கு ரைஃபிள் போட்டி போட்டால் அவர்கள் அடுத்து எதை வாங்குவார்கள்? அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், 500 ரேண்ட் வசூலும் வேண்டாம்.

என்னை உண்மையில் தூங்கவிடாதது கும்பல் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்தான். 2021 ஜூலை 13 காலை. டயரும் மரப்பலகையும் போட்டு முனையை அடைத்திருந்தீர்கள். நான் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தேன். நம் கூழுக்கு வருடாவருடம் பானை கழுவ வரும் ஜூலு அம்மாவின் மகன், கடையில் இரவு வேலை முடித்துவிட்டு நடந்து வந்தான். பையைத் திறக்கச் சொன்னீர்கள். உள்ளே அவனுடைய வேலைக் காலணி, ஒரு சாப்பாட்டு டப்பா. "இந்த பூட்ஸை எந்தக் கடையில் எடுத்தாய்?" என்று ஒரு தம்பி கேட்டான். கையில் அவன் அப்பாவின் பிஸ்டல். விசைமேல் விரல். தேய்ந்த அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு அந்தப் பையன் அப்படியே நின்றான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவனைப் போக விட்டீர்கள். அதே நாட்களில் டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள் என்று காவல்துறை அமைச்சர் பிற்பாடு சொன்னார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அங்கே முனையில் நின்றவர்களும் தெருவைக் காக்கத்தான் வந்தோம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஆயா டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தவர். இந்தியர்களைக் கறுப்பினத்தவர் தாக்கிய 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் போனார்கள். ஆயாவையும் நான்கு பிள்ளைகளையும் பக்கத்து ஜூலு வீட்டுக்காரர்தான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாராம். வந்த கூட்டத்தின் கையில் தடியும் கல்லும். ஆயா கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் "கூண்டு தகரம்டீ, வெறும் தகரம்" என்பார்.

சரி, வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பதிவுபெற்ற செக்யூரிட்டிக்காரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். போலீசும் ராணுவமும் சேர்ந்தாலும் அத்தனை பேர் இல்லை. நம் நாற்பது வீடும் சேர்ந்து பேசினால் இரவுக்கு ஒரு வண்டி நிறுத்த ஏதாவது ஒரு நிறுவனம் விலை குறைக்காதா? பூங்கா ஓரத்து மூன்று விளக்குக் கம்பங்கள் ஈஸ்டரிலிருந்து இருட்டு. நகராட்சிக்குப் புகார் கொடுத்த எண் என்னிடம் இருக்கிறது. நாலு பேர் கூட வந்தால் மறுபடி போய் நிற்கத் தயார். ரோந்து போகாதே என்று நான் சொல்லவில்லை. மின்னும் சட்டை, வாக்கி டாக்கி, டார்ச், ஆளுக்கு ஒரு பிளாஸ்க் டீ. டீ என் செலவு.

வசூல் நோட்டில் என் வீட்டு எண்ணுக்கு நேரே 'பாக்கி' என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டு 'தர மறுத்தார்' என்று எழுதுங்கள். அந்த இரவு ஷிப்ட் தம்பியின் மனைவியிடம் நேற்றுப் பேசினேன். நோட்டில் அவள் வீட்டு எண்ணுக்கு நேரே இருப்பதையும் அப்படியே மாற்றச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தமிழ் வகுப்பு ஆசிரியை