பரண்மேல் இருந்தவள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே.

இங்கே எனக்கு ஒரு மாதமாக ஒரே வேலை. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்துகிறோம். மூன்று நாற்காலிகளில் ஒன்று எனக்கு. போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஓசூரை அடுத்த தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா ராகி விவசாயி. நான் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, மனித–யானை மோதலைத் தடுக்க என்ன வழி என்று கேட்டேன். சூரிய மின்வேலி, அகழி, வழித்தடப் பாதுகாப்பு என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். தப்பில்லை, ஆனால் அதில் உயிரும் இல்லை. மதிப்பெண் தாளில் சுமாரான ஒரு எண்ணை எழுதப் போனேன்.

பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். அவள் முகத்தைப் பார்த்து, "நீ பரண்ல காவலுக்கு இருந்திருக்கியாம்மா?" என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்து வயதில் அப்பாவோடு வயலில் காவலுக்குக் கட்டிய பரணில் படுத்தாளாம். "யானை நடக்கிற சத்தம் கேக்காது மேடம், ராகித் தாள் முறியற சத்தம்தான் கேக்கும்" என்றாள். கதிர் முற்றும் மாதங்களில் ஊரில் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை என்றாள். இழப்பீட்டு மனு எந்த மேசையில் போய் நிற்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்பதையும் அவளாகவே சொன்னாள். நான் கேட்டதும் இதே கேள்விதானே, செல்வம். தாளைப் பார்த்துக் கேட்டேன், அவளும் தாளில் படித்ததைச் சொன்னாள்.

அப்புறம் ஓசூரின் பேச்சு வந்தது. நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1951 பேட்ச் அன்னா ராஜம் அங்கேதான் சப் கலெக்டராக இருந்தார், ஊருக்குள் வந்த யானைக் கூட்டத்தைச் சுடாமல் காட்டுக்கே திருப்பி அனுப்பியவர். அவருடைய நேர்காணலில் குழுவினர், பெண்களுக்கு ஐ.ஏ.எஸ். சரிப்படாது, வெளியுறவுப் பணியைப் போன்ற வேறொன்றை எடுத்துக்கொள் என்றுதான் வற்புறுத்தினார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு வெளிச்சம்.

அவளுக்கு அடுத்து ஒரு பையன். நகரத்துப் பள்ளி, சரளமான ஆங்கிலம். கிரிக்கெட்டில் ஆரம்பித்தோம், மூன்று பேரும் சிரித்தோம், ஐந்து நிமிடம் போனதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பை எடுத்துப் பார்த்தால், அவன் சொன்னதில் சரக்கு குறைவு. ஆனால் நான் அவனுக்குப் போட்ட மதிப்பெண் கூடுதல். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நேர்காணல் குறுக்கு விசாரணை அல்ல, ஒரு நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்று இந்தத் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யே தன் அறிவிக்கையில் சொல்கிறது. யாரோடு நமக்குப் பேச்சு இயல்பாக வரும்? நம்மைப் போல இருப்பவர்களோடுதான். மற்றவர்களிடம் அந்த இயல்பை வரவழைப்பது நாற்காலியில் இருப்பவனின் வேலை. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275. அரை மணி நேரப் பேச்சுக்கு அது பெரிய தொகை. இரண்டு மூன்று மதிப்பெண்ணில் ஒரு பணியே கைமாறிப் போகும்.

தமிழில் பேச அனுமதி உண்டு, மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். அதைத் திருத்தவே ஒரு வாரம் பிடித்தது.

நம் முதல் நேர்காணல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு அலுவலகத்தில், எதிரே இருந்தவர் கடைசிவரை தலையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நீதான் என் டம்ளரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாய். நாற்பது வருடம் கழித்து நானும் அதே மாதிரி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறேன், பார்.

இனி விண்ணப்பங்களை முதல் நாளே படித்துவிடுவது, மேசைமேல் எந்தத் தாளும் வைத்துக்கொள்ளாமல் உட்காருவது என்று முடிவு செய்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பெண்ணை மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம். பிப்ரவரியில் அவளுக்கு டெல்லியில் நேர்காணல்.

வரும் சனிக்கிழமை இன்னும் எட்டுப் பேர் வருகிறார்கள். கால் ஒத்துழைத்தால் வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. நாலாவது நாற்காலி ஒன்று போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு