கொடிக்கால் ஊரிலிருந்து

சோழவந்தான் அருகே, ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கொடி இறக்கும் வேலை நேற்றுதான் முடிந்தது. அதற்கு முன்னால் பேனாவைத் தொட நேரமில்லை. ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் மிச்சமிருக்கிறதா, எல்லாம் தென்னந்தோப்பாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, ஆனால் நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாய்க்கால் பாலத்தில் நின்றால் கண்ணுக்கெட்டியவரை வெற்றிலைக் கொடி படரும் அகத்தி மரமாகவே தெரிந்ததே, அந்த அளவுக்கு இல்லை. தென்னை வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தென்னையை வைத்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கலாம். கொடிக்காலை வைத்தவன் ஒரு கல்யாணத்துக்குக்கூட இரவு தங்க முடியாது.

கொடி இறக்குவதை நீ மறந்திருக்க மாட்டாய். அகத்தியின் உச்சியைத் தொட்டுவிட்ட கொடியைக் கட்டவிழ்த்து, முறியாமல் கீழே கொண்டுவந்து, இலை கிள்ளி முடிந்த அடிக்கொடியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டு இறுகினால் தண்டு கன்றிவிடும், தளர்ந்தால் கொடி சரிந்துவிடும். நான் கட்டியதில் பாதியை என் மனைவி அவிழ்த்து மறுபடி கட்டினாள்; முப்பது வருடமாக இதுதான் நடக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் வெறும் ரோட்டிலும் குனிந்தே நடப்பார்கள் என்று உன் அப்பா கேலி செய்வார். அது கொடிக்கால் கொடுத்த நடை. ஊரின் குணமும் அங்கிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி வாடல் நோய் புகுந்துவிடும். 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு வைகையின் பேரணையில் பிரிந்து வரும் தண்ணீரை நம்பியே இந்தப் பக்கத்து வயல்கள் இருக்கின்றன. வருகிற தண்ணீர் வடியவும் வேண்டுமே. மேலத்தெரு அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினைக்குப் பிறகு பன்னிரண்டு வருடமாகப் பேசுவதில்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் காலை, பொது வடிகாலில் இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நிற்பதை நீ பார்க்கலாம். அப்போதும் பேச்சு கிடையாது.

2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது டீக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. விலை என்னவோ முகூர்த்தத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறது; ஆடியிலும் மார்கழியிலும் வெற்றிலையைக் கேட்க ஆளில்லை.

உன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் வரும் பட்டத்தில் அகத்தியை வெட்டிவிட்டுத் தென்னை வைக்க யோசிக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நீயே அவரிடம் ஒரு முறை பேசிவிடு.

அடுத்த வாரம் சென்னை வரும் என் மருமகனிடம் கொழுந்து வெற்றிலை கொடுத்தனுப்புகிறேன். வாழைச்சருகைப் பிரிக்காமல் தண்ணீர் தெளித்து வை. முதல் இலையை அம்மாவிடம் கொடு. யார் வீட்டுக் கொடிக்கால் என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்கள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்