நோகுமுன் விழுங்கு

அன்பு மகனுக்கு,

முல்லைத்தீவிலிருந்து அப்பா. கால் புண்ணுக்காக அமுக்கம் ஏற்றும் ஒட்சிசன் பெட்டிக்குள் படுத்த நீ, காது நோவு தாங்காமல் பாதியில் வெளியே வந்துவிட்டாயாம். இனிப் போகமாட்டேன் என்றும் சொன்னாயாம். சீனி வருத்தக்காரனுக்குக் கால் பெரிது மகன், போகத்தான் வேண்டும். ஆனால் காதோடு மல்லுக்கட்டாதே.

நீ சொன்ன 2.4 மடங்கு அமுக்கம் கடலில் 14 மீற்றர் ஆழத்துக்குச் சமம். ஆறடி ஒரு பாகம் என்ற எங்கள் கணக்கில் ஏழெட்டுப் பாகம். கடலட்டைக்குச் சுழியோடின காலத்தில் நான் போய்வந்த ஆழம்தான். காது படுத்துவது அடியில் அல்ல, இறங்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று பாகத்தில். செவிப்பறைக்குப் பின்னாலுள்ள காற்று அங்கேதான் வேகமாகச் சுருங்கும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. என் காதைப் பார்த்த டொக்டர் படம் கீறிக் காட்டினார். விழுங்கினால், கொட்டாவி விட்டால் அது திறக்கும். நோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாயோ, அமுக்கமே அதன் வாயை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு விழுங்கியும் பயனில்லை.

அதனால் கதவைப் பூட்டிக் காற்று இரையத் தொடங்கியதுமே நீயும் தொடங்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சிலை விழுங்கு. காதுக்குள் ‘டிக்’ என்று கேட்டால் சரி. கேட்காவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பொத்தி, மெல்ல ஊது. பலூன் ஊதுகிற மாதிரி முக்கினால் உள்காதே பழுதாகும். கீழ்த்தாடையை முன்னே தள்ளியும் பார். அப்படியும் திறக்கவில்லையென்றால் கையைக் காட்டி நிறுத்தச் சொல். அமுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆறுதலாகத் திரும்ப ஏற்றுவார்கள். இதில் வெட்கம் என்ன? நாங்களும் ஒரு பாகம் மேலே வந்து, காது விட்ட பிறகுதான் திரும்ப இறங்குவோம்.

தடிமன், மூக்கடைப்பு என்றால் முதலே அவர்களிடம் சொல். என் இடது காது ஷெல் சத்தத்தில் போனது என்றுதான் நீ நினைத்திருப்பாய். நானும் திருத்தவில்லை. அது தடிமனோடு இறங்கின ஒரு காலை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, உழைப்பை விட மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். ‘பட்’ என்றது. குளிர்தண்ணீர் காதுக்குள் போய்த் தலை சுற்றியதில் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து போன குமிழிகளைப் பார்த்துத்தான் மேலே வந்தேன்.

அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்கு விடச் சொல்கிறாள். கேட்டால் ‘சரி’ என்று சொல்லு, ஆனால் விடாதே. அந்த ஒட்சிசனுக்குள் எண்ணெய், தைலம் எதுவும் ஆகாது, தீப்பிடிக்கும். கடிதத்தை அவளுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

அமுக்கம் இறக்கும்போது காதிலுள்ள காற்று தானாக வெளியேறும், மூச்சை மட்டும் அடக்காதே. எதுவும் சரிவராவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கலாமா என்று காது டொக்டரிடம் கேள். உள்ளே போகுமுன் சீனியையும் பார்த்துக்கொள், அங்கே அது குறையக்கூடும்.

போய்வந்ததும் கோல் எடு. வலது காதில்தான் வைத்திருப்பேன்.

அப்பா