ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பறவை நடை மழையால் ஒரு மாதம் மட்டுமே நின்றுபோனது. பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் போய்வந்தோம். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இம்முறையும் கலந்துகொண்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி அக்டோபர் கூட்டம். ஆறுமணிக்குருவியைத் தேடி நன்மங்கலம் காட்டில் எத்தனை விடியற்காலை காத்திருந்திருப்போம்! இரண்டு முறை குரல் கேட்டது, அவ்வளவுதான். அன்று தாம்பரத்தில் துணைத் தலைவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் காக்கைகள் ஒரே கூச்சல். ஓடிப்போய் விரட்டினோம். துவைக்கும் கல்லுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி அது நின்றது.

யாரும் பேசவில்லை. கால் மணி நேரம் அசையாமல் இருந்த குருவி, அப்புறம் கறிவேப்பிலை மரத்தடிக்குத் தத்திப்போய் ஒரு சருகைப் புரட்டியது. மண்புழு ஒன்றை இழுத்தது. குட்டை வால் மெல்ல மேலும் கீழும் ஆடியது. கண்ணோரம் மை இழுத்ததுபோல் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, சிறகில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துணைத் தலைவரின் அம்மா எட்டிப் பார்த்து, "இதையா தம்பி தேடுனீங்க? நாலு நாளா சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்துல விசில் அடிக்குதே!" என்றார்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் இந்தப் பறவை, குளிர்காலத்துக்கு இரவிரவாகப் பறந்து தெற்கே வருகிறது, இலங்கை வரைக்கும் போகிறது. களைத்து இறங்கும் இடம் வீட்டுக் கொல்லையாகவும் இருக்கலாம். காக்கையோ பூனையோ முந்திக்கொண்டால் போச்சு. இரை எல்லாம் சருகுக்கு அடியில்தான். நாம் காட்டில் தேடிக்கொண்டே, வீட்டில் சருகைக் கூட்டிக் கொளுத்திவந்திருக்கிறோம். சரி, இனி உறுப்பினர் வீடுகளில் சருகை எரிப்பதில்லை, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம்.

அம்மா அந்த மரத்தடியில் துடைப்பம் படவிடவில்லை. குருவி குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கியது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் எனக்குப் போன் செய்தார்: "தம்பி, நேத்து சத்தம் கேக்கல. ஊருக்குக் கிளம்பிருச்சு போல." அந்தத் தேதியைப் பதிவேட்டில் அவர் பெயரிலேயே எழுதியிருக்கிறோம்.

செயலாளர்