லெடோ சாலையில் வேலை செய்த ஒருவரைப் பற்றி

அன்புள்ள சேதுராமனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். மருத்துவர் அனுமதிக்கும்வரை படிக்காதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை என்பதால், இக்கடிதத்தையாவது மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

குடும்பத்தின் பர்மா வரலாற்றை எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, 1942இல் வட பர்மாவின் மிச்சினா நகரில் இருந்த உன் சின்னத் தாத்தா எந்த வழியாக நடந்திருக்கக்கூடும், அந்த வழியைப் பற்றி அமெரிக்க ராணுவத்தினர் எவரேனும் ஏதேனும் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். அந்த வழியைக் கண்ணால் பார்த்த ஒருவர் எனக்குப் பல ஆண்டுகள் அண்டை வீட்டுக்காரராக இருந்தார். அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். போருக்குப் பின் டெட்ராய்ட்டுக்கு வந்து கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இந்தியன் என்று தெரிந்தவுடன் அவர் கேட்டது தாஜ்மகாலைப் பற்றியன்று; "லெடோவுக்குப் போயிருக்கிறாயா?" என்றுதான் கேட்டார்.

லெடோ, அசாமின் கிழக்குக் கோடியில், ரயில் பாதை முடியும் இடம். பர்மா ஜப்பானியர் வசமானதால் சீனாவுக்கான தரைவழி அடைபட்டுப்போக, 1942 டிசம்பரில் அங்கிருந்து மலைகளை வெட்டி பர்மா வழியாகப் புதிய சாலை போடத் தொடங்கினார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் கறுப்பினத்தவர். தனிப் பிரிவுகள், தனி முகாம்கள், மேலே பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். என் அண்டை வீட்டுக்காரர் இருந்தது 45ஆம் பொறியாளர் படைப்பிரிவில். முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. துப்பாக்கி பிடித்துச் சண்டையிடத்தான் போகிறோம் என்று நம்பிக் கப்பலேறியவருக்குக் கிடைத்தது புல்டோசர். "எங்களை நம்பித் துப்பாக்கி தரமாட்டார்கள், மலையை மட்டும் நம்பித் தருவார்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் முழுதாக நம்பியதில்லை.

ரயிலில் இந்தியாவைக் குறுக்காகக் கடந்து, அமீன்காவ் துறையில் படகேறிப் பிரம்மபுத்திராவைத் தாண்டி, மறுபடியும் குறுகிய பாதை ரயிலில் ஏறியது வரை வரிசையாகச் சொல்வார். அதற்குப் பின் அவர் நினைவில் எல்லாமே சேறுதான். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வெட்டிய பாதை அன்றிரவே சரிந்துவிடும். மாதக்கணக்கில் சில மைல்களுக்கு மேல் நகர முடியவில்லை. அட்டைக்கடியும் மலேரியாவும் போதாதென்று, மலேரியாவுக்குக் கொடுத்த அட்டபிரின் மாத்திரையால் தோலும் மஞ்சளேறிவிடுமாம். அவ்வாண்டு அக்டோபரில், பின்னாளில் ஜெனரலான கர்னல் பிக் சாலைப் பணிக்குப் பொறுப்பேற்றபின் வேலை இரவு பகலாக நடந்தது. மூங்கில் குழாய்களில் டீசல் ஊற்றித் திரியிட்டு, அந்த வெளிச்சத்தில் மலையோரத்தில் புல்டோசர் ஓட்டினார்கள். விளிம்பு தெரியாமல் எந்திரத்தோடு பள்ளத்தில் விழுந்தவர்கள் உண்டு. மைலுக்கு ஓர் உயிர் என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொள்வார்களாம்.

இனி உனக்கு வேண்டிய செய்தி. 1942 மே மாதம் மிச்சினா விமான நிலையம் விழுந்தபோது, அங்கே விமானத்துக்காகக் காத்திருந்த இந்தியர்களுக்கு மிஞ்சிய முக்கிய வழி வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்குதான். உன் தாத்தாவைப் போல் தெற்கிலிருந்து தமு, பாலேல் வழியாக மணிப்பூருக்கு வந்தவர்கள் பட்ட பாடே போதும். இவர்களோ மழை தொடங்கிய வேளையில், ஷிங்ப்வியாங்கைத் தாண்டி, பாங்சாவ் கணவாய் ஏறி லெடோவுக்கு நடக்க வேண்டியிருந்தது. சாலையும் பெரும்பாலும் அதே தடத்தைப் பின்பற்றித்தான் போடப்பட்டது. காட்டை வெட்டிக்கொண்டு போனபோது ஓடைக்கரைகளிலும் இடிந்த குடிசைகளிலும் எலும்புக்கூடுகள் கிடந்ததாக அவர் சொன்னார். ஓரிடத்தில் பித்தளைச் செம்பும் குடைக்கம்பிகளும் கிடந்தனவாம். ஒதுக்கிப் புதைத்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும் என்பது உத்தரவு. இறந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டவர்கள் என்று தெரியாத நிலையில், போதகரின் மகனாகிய அவர், தமக்குத் தெரிந்த பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிப் புதைத்திருக்கிறார். "அது அவர்களுக்குச் சரிதானா?" என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அந்த மழையில் சாலை முடங்கிக் கிடந்தபோதுதான் டெட்ராய்ட்டிலிருந்து அவருடைய அண்ணனின் கடிதம் வந்திருக்கிறது. அண்ணனுக்குப் பேக்கார்டு தொழிற்சாலையில் வேலை. போருக்கான எந்திரங்கள் செய்த அந்த ஆலையில், மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்ததற்காக 1943 ஜூனில் 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். அதே மாதம் நகரில் மூண்ட கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். ஜனநாயகத்தைக் காப்பதற்காக என்று சொல்லி அனுப்பப்பட்டவர், பர்மாக் காட்டில் ஈரக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு அதைப் படித்தார். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று அன்று தமக்குக் குழப்பமாக இருந்தது என்பார்.

கல்கத்தாவைப் பற்றி அதிகம் பேசமாட்டார். விடுப்பில் போன இடத்தில், 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நடைபாதையில் செத்துக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறார். ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்ற பலகைகளையும் பார்த்திருக்கிறார். அந்தப் பலகைகளை எங்கள் ஊரில் எழுதியவனே இங்கும் வந்து எழுதிவிட்டுப் போயிருப்பான் போலிருக்கிறது என்பார். (சிகாகோவில் பேர்பெற்ற கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் அப்போது கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் வாசித்துவந்தார் என்பதும், 1945இல் காலராவால் அங்கேயே இறந்தார் என்பதும் நம் சங்கீதப் பைத்தியம் ராமநாதனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.)

1945 ஜனவரி 12 அன்று லெடோவிலிருந்து கிளம்பிய முதல் வண்டித் தொடர் பிப்ரவரி 4இல் சீனாவின் குன்மிங் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. சாலைக்கு, அந்த வட்டாரத்தில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்டில்வெல்லின் பெயரைச் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் சூட்டினார். அவ்வளவு உயிர்களைக் கேட்ட அந்தச் சாலையால் விளைந்த பயன் கொஞ்சம்தான்: 1945 ஜூலையில் இமயத்தின் மேலாக விமானங்கள் கொண்டுபோன சரக்கு 71,000 டன், சாலை வழியே போனது 6,000 டன். இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சாலை வேண்டுமா வேண்டாமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை, போடச் சொன்னார்கள், போட்டோம், நன்றாகவே போட்டோம் என்றார்.

அவருக்குக் கோபம் வந்ததெல்லாம் ஊர் திரும்பியதைப் பற்றிப் பேசும்போதுதான். 1946 பிப்ரவரியில், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வுடார்டைத் தென் கரோலினாவில் காவல் அதிகாரி ஒருவர் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். நீதிமன்றம் அந்த அதிகாரியை விடுதலை செய்தது. அச்செய்தியைப் படித்த பின் தெற்கே போகும் பேருந்தில் தாம் சீருடையோடு ஏறியதில்லை என்றார். போர்வீரர்களுக்கான அரசுக் கடனுதவியும் பேருக்குத்தான்: 1947இல் மிசிசிப்பியில் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ராணுவத்தில் பிரிவினை கூடாது என்று அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில் ஆணையிட்டபோது நம்மவர் கார்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டில் இருந்தார். நல்லது என்று நினைத்தாராம், அவ்வளவே.

அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கேட்கத் தோன்றும் கேள்விகளை அப்போது கேட்கத் தோன்றவில்லை. உன் புத்தகத்தில் இந்த அத்தியாயத்துக்கு இடம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் செம்பை உன் சின்னத் தாத்தாவுடையது என்று எழுதிவிடாதே. கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அதற்குமுன் ஒன்று செய்: தேவகோட்டை அத்தையிடம் சின்னத் தாத்தாவின் கடைசிக் கடிதம் இன்னும் இருக்கிறதா, அதில் எந்தத் தேதி இருக்கிறது என்று கேட்டு எழுது. மே மாதத்துக்கு முன்னது என்றால் அவர் விமானத்திலேயே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. நான் கோடையில் மகள் வீட்டுக்கு மேரிலாந்து போகிறேன். தேசிய ஆவணக் காப்பகம் அங்கே காலேஜ் பார்க்கில்தான் இருக்கிறது. பொறியாளர் பிரிவுகளின் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மீனாட்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
சண்முகம்