என் மகனுக்காக மாதக் கணக்குப் பார்த்தவர்களுக்கு

அங்கன்வாடி டீச்சருக்கும், ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கும், தெரப்பி அக்காவுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், எங்கள் மாமாவுக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதுகிறேன். போன வாரம் என் மகன் முற்றத்தில் நின்று "அம்மா வா" என்றான். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கு மூன்று வயது முடியப் போகிறது.

அவன் எட்டு வாரம் முந்திப் பிறந்தவன். 14 மாதமாகியும் தானாக எழுந்து உட்காரவில்லை. "குறைமாசப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். முதலில் காட்டிய டாக்டரும் அதையே சொன்னார். அதைக் கேட்க எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

டீச்சர், நீங்கள் மட்டும் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. சத்துமாவு வாங்க வந்த என்னை உட்கார வைத்து, "நாளைக்கே ஆசாரிபள்ளம் போங்க மக்கா" என்றீர்கள். அன்று உங்கள்மேல் கோபப்பட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா, நீங்கள் ஒரு அட்டவணையை விரித்தீர்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கியது, மொத்தம் 17 செயல்கள், ஒவ்வொன்றும் எந்த மாதத்துக்குள் வர வேண்டும் என்று காட்ட ஒரு கோடு. 14-ல் அவன் முந்திப் பிறந்த இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டு 12-க்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைத்தீர்கள். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிட்ட கோடெல்லாம் பிள்ளை இதற்குள் செய்திருக்க வேண்டியவை. "கழிக்க வேண்டியதைக் கழிச்சாச்சு. அப்புறமும் பிந்தித்தான் இருக்கான்" என்றீர்கள். குறைமாசம் என்று சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொண்டே போக முடியாது என்பது அப்போதுதான் விளங்கியது. காதுக்கு பெரா பரிசோதனையும் எடுத்தீர்கள், நன்றாகக் கேட்கிறது. வயிற்றில் இருந்தபோது நீ என்ன தின்றாய், எங்கே விழுந்தாய் என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. அதுவரை அதைக் கேட்காத ஆளில்லை.

தெரப்பி அக்கா, இரண்டு சிரட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பீர்கள். அவன் அழுவான். எடுத்துக் கொடுக்கப் போகும் என் கையைப் பிடித்து, "அவனே எடுக்கட்டும்" என்பீர்கள். மூன்றாவது வாரம் புரண்டு, முழங்கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்து எடுத்தான். உங்கள் கண்ணும் நிறைந்ததை நான் பார்த்தேன்.

மாமா, கமுகைக் கீறித் திண்ணையில் அவன் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கம்பு கட்டினீர்கள். சிராய் குத்தக் கூடாதென்று இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். அதைப் பிடித்துத்தான் நடந்தான், இரண்டே கால் வயதில்.

இதைப் படிக்கும் அம்மாமாருக்கு ஒன்று. நாலு மாதம் கடந்தும் கழுத்து நிற்கவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் யார் ஆறுதல் சொன்னாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்களுக்கு ஆசாரிபள்ளத்தில் ஒரு பைசா செலவாகவில்லை.

ஆட்டோ அண்ணா, சாரல் மழையில் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டு நீங்கள் நனைந்துகொண்டே ஓட்டிய நாள்கள் எத்தனை! பேச்சுப் பயிற்சி இன்னும் முடியவில்லை. வரும் செவ்வாய் எட்டரைக்கு வந்துவிடுங்கள். அவன் இப்போது உங்கள் ஹாரனைக் கேட்டதும் "ஆட்டோ" என்கிறான்.